வீட்டு நூலகம்: அடுத்தவர் கைக்கும் எட்டும்படி



சென்னைப் புத்தகக் காட்சி முடிந்தால், பைகள் எல்லாம் வீடு வந்து சேர்ந்திருக்கும். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சி, இன்று பொங்கலோடு சேர்ந்த இன்னொரு பண்டிகை போலவே ஆகிவிட்டது. சென்னைக்கு வர முடியாதவர்களுக்கு ஈரோடு, மதுரை, நெய்வேலி என்று ஊர் ஊராகப் புத்தகத் திருவிழாக்கள் இருக்கின்றன. பத்து சதவீதம் தள்ளுபடி என்றால் நமக்குக் கை நிற்பதில்லை. ஆக, புத்தகம் வாங்குவது எப்படி என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கி வந்ததை எங்கே வைப்பது, வேண்டும்போது எப்படிக் கண்டெடுப்பது, எதை வெளியே அனுப்புவது? இந்த மூன்றும்தான் நமக்குக் கைவராத வேலைகள். இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒரு வீட்டில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அந்த நூலகத்தை மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஐயாயிரம் என்றால் வியக்கிறோம். பத்தாயிரம் என்றால் பத்திரிகையில் படம் வருகிறது. எனக்கு அந்த எண்ணிக்கை பெரிதாகப் படுவதில்லை. நான் வேறொன்றைப் பார்ப்பேன். சேர்த்தவர் வெளியூர் போயிருக்கிறார். அங்கிருந்து தொலைபேசியில் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்கிறார். வீட்டில் இருக்கும் மனைவியோ, மகனோ, பேத்தியோ ஐந்து நிமிடத்தில் அதை எடுத்துவிட முடிகிறதா? முடிந்தால் அது நூலகம். முடியாவிட்டால், எத்தனை ஆயிரம் இருந்தாலும், அது ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருக்கிற குவியல். அவருக்கு ஞாபகம் தப்பினால் அதுவும் தப்பிப்போகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் புத்தகங்களில் பெரும்பாலானவை டெமி அளவு, அல்லது அதைவிடச் சிறிய கிரவுன் அளவு. முந்நூறு பக்க டெமி புத்தகம் ஒன்றரை, ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் கனம் இருக்கும். மூன்றடி அகலத் தட்டில் ஏறக்குறைய ஐம்பது புத்தகம் நிற்கும். ஆறு தட்டு உள்ள ஓர் அலமாரி முந்நூறு புத்தகத்தோடு நிறைந்துவிடும். மாதம் இரண்டு புத்தகம், புத்தகக் காட்சியில் இருபது என்று வாங்கும் சாதாரண வாசகர் ஒருவருக்கு ஆண்டுக்கு நாற்பதுக்குமேல் சேரும். ஏழு வருடத்துக்குள் அந்த அலமாரி முடிந்தது. அதன் பிறகு கட்டிலுக்கு அடியில், பரண்மேல், தையல் மெஷின்மேல் என்று புத்தகம் பரவத் தொடங்கும். வீட்டில் முதல் சண்டையும் அப்போதுதான் வரும்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்த வளர்ச்சியைப் பற்றி நிறைய யோசித்தவர். மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகமெங்கும் நூலகர்களுக்குப் பாடம். நூல்கள் பூட்டிவைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் சாரம். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவதன் சாரம். வீட்டில் நாம் இந்த ஐந்தாவதை மட்டும் நமக்கு வசதியாக எடுத்துக்கொள்கிறோம். உயிர் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதில்லை. குழந்தை உயர்ந்துகொண்டே போகும். வளர்ந்த ஆள் உயர்வதில்லை. ஆனால் அவர் உடம்பில் பழையது கழிந்து புதியது வந்துகொண்டே இருக்கிறது. மூன்று அறை வீட்டில் இருக்கும் நூலகம் ஒரு கட்டத்துக்குமேல் இந்த இரண்டாவது வகையாகத்தான் வளர முடியும்.

சரி, எப்படி அடுக்குவது? பொது நூலகங்களில் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூவி (Dewey) பத்துப் பகுப்பு முறையைப் பார்த்திருப்பீர்கள். 1876இல் அமெரிக்காவில் உருவானது. அதை வீட்டிலும் கையாள நினைப்பவர்கள் உண்டு; நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த முறையில் தமிழ் இலக்கியம் முழுவதற்கும் கிடைப்பது 894.811 என்ற எண்ணும் அதன் உட்பிரிவுகளும்தான். உங்கள் வீட்டில் ஆயிரம் தமிழ்ப் புத்தகம் இருந்தால் எண்ணூறு அந்த ஒரே எண்ணின் கீழ் வந்து நிற்கும். பகுத்தும் பகுக்காதது போலத்தான்.

அட்டையின் நிறப்படி அடுக்குவது இப்போது ஒரு மோகம். படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் நீலமா பச்சையா என்று உங்களுக்கே மறந்துபோன புத்தகத்தை இன்னொருவர் எப்படித் தேடுவார்?

வீட்டுக்குப் பொருந்துவது எளிமையான முறை. முதலில் பெரிய பிரிவுகள்: நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, வரலாறு, பழந்தமிழ், சமயம், மொழிபெயர்ப்பு, குழந்தைகள் நூல், அகராதிகள். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் ஆசிரியர் பெயர் அகரவரிசை. கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? இங்கேதான் தமிழ் நூல் வைத்திருப்பவருக்கு உண்மையான வேலை தொடங்குகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். தி. ஜானகிராமனைத் தகரத்தில் வைப்பதா, ஜகரத்தில் வைப்பதா? ஜகரம் என்றால், அது சகரத்தை அடுத்து வருமா, கடைசியில் கிரந்த எழுத்துகளோடு நிற்குமா? கி. ராஜநாராயணனை எல்லாரும் கி.ரா. என்றே சொல்கிறார்கள், பேத்தி அவரை எங்கே தேடுவாள்? சுந்தர ராமசாமி நாவலில் சுந்தர ராமசாமி, கவிதையில் பசுவய்யா. க.நா.சு. கவிதை எழுதும்போது மயன். பாரதியை ஒரு பதிப்பகம் மகாகவி என்று தொடங்கி அச்சிடும், இன்னொன்று சி. சுப்பிரமணிய பாரதி என்று அச்சிடும். அட்டையில் உள்ளதை அப்படியே பின்பற்றினால் ஒரே எழுத்தாளர் மூன்று தட்டில் கிடப்பார்.

இதற்கு என் யோசனை: முன்னெழுத்தையும் பட்டத்தையும் விட்டுவிட்டு, மக்கள் எந்தப் பெயரால் அவரை அதிகம் அறிவார்களோ அந்தப் பெயரில் வையுங்கள். புதுமைப்பித்தன் பகரத்தில்தான் இருக்க வேண்டும், சொ. விருத்தாசலம் என்று யாரும் தேடப் போவதில்லை. பசுவய்யாவின் கவிதைகளைச் சுந்தர ராமசாமியோடு சேர்த்துவிடுங்கள். கிரந்த எழுத்து எங்கே வரும் என்பதில் எந்த முறையும் தவறில்லை. ஒன்றை முடிவு செய்து, அந்த முடிவைத் தட்டின் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டு உங்களுக்காக அல்ல. நீங்கள் இல்லாதபோது தேடுகிறவருக்காக.

அடுத்தது பட்டியல். கைப்பேசியில் இதற்கென்று பல செயலிகள் வந்துவிட்டன. பின்னட்டையிலுள்ள பட்டைக்கோட்டைக் காட்டினால் விவரம் வந்துவிடும். ஆங்கில நூல்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. நம் பழைய தமிழ்ப் புத்தகங்களில் பட்டைக்கோடே கிடையாது. எனவே ஒரு கணினி அட்டவணையோ, நாற்பது பக்க நோட்டோ போதும். ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, எந்தத் தட்டு. ஐந்து கட்டத்துக்குமேல் வேண்டாம். கட்டம் கூடக்கூட, பாதியில் நிறுத்திவிடுவோம். அதற்கும் பொறுமை இல்லையென்றால், ஒவ்வொரு தட்டையும் முதுகுப் பெயர்கள் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தகக் காட்சியில் நின்றுகொண்டு, இது நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். ஒரே நூலை இரண்டாம் முறை வாங்குவது குறையும்.

முதுகே இல்லாத புத்தகங்களும் உண்டு. பின் அடித்த சிறு பிரசுரங்கள், சிற்றிதழ்கள், நாடக நோட்டீசுகள். தடித்த புத்தகங்களுக்கு நடுவில் சொருகினால் காணாமல் போய்விடும். இவற்றைத் தனியாகப் பெட்டிக் கோப்புகளில் போட்டு, வெளியே பெயர் எழுதி வையுங்கள். இவற்றைப் பற்றிப் பிறகு இன்னும் கொஞ்சம் சொல்வேன்.

இப்போது அலமாரி. நாம் செய்யும் பெரிய பிழை அதன் ஆழத்தில் இருக்கிறது. பாத்திரம் வைக்கவும் துணி வைக்கவும் கட்டிய சுவர் அலமாரி ஒன்றரை அடி ஆழம் இருக்கும். டெமி புத்தகத்தின் அகலம் ஆறு அங்குலம்கூட இல்லை. மீதி இடம் வீணாகிறதே என்று பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை வைக்கிறோம். அன்றோடு பின்வரிசையை நாம் மறந்துவிடுகிறோம். ஒன்பது அங்குல ஆழம் தாராளம். இரட்டை வரிசை தவிர்க்க முடியாதென்றால், பின்வரிசைக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள், பெயராவது தெரியும்.

எடையையும் மறக்கக் கூடாது. மூன்றடித் தட்டில் சாதாரண அட்டைப் புத்தகங்கள் பதினைந்து, இருபது கிலோ இருக்கும். கெட்டி அட்டையும் வழவழப்பான தாளும் என்றால் இன்னும் கூடும். மரத்தூள் பலகையில் செய்த அலமாரி இரண்டே ஆண்டில் நடுவில் தொய்ந்துவிடும். நம் பழைய வீடுகளில் கடப்பா கல் பதித்த தட்டுகள் இருக்குமே, அவை பார்க்க அழகில்லை என்று இடிக்கிறார்கள். புத்தகத்துக்கு அவை நல்ல தட்டுகள். தொய்வதில்லை, கரையானுக்கு அங்கே தீனியுமில்லை. வாடகை வீடு என்றால், கடைகளில் பயன்படுத்தும் இரும்பு ரேக்கே போதும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகலாம்.

எந்தச் சுவரில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். மழை நேராக அடிக்கிற வெளிச்சுவரில் ஓதம் ஏறும். அதை ஒட்டி அலமாரி வைத்தால் பூஞ்சணம் உறுதி. உள்சுவரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றுப் போகட்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து முக்கால் அடியாவது உயரட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் புத்தகங்கள் நனைந்து கூழாயின. நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள். அட்டை முறுக்கிக்கொள்ளும், பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். இரண்டு நாளுக்குள் தொடங்காவிட்டால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

பூச்சிகளுக்கு வருவோம். இராமபாணம் என்று ஓர் அழகான பெயரை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் தின்கிறதே, வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடுமே, அதற்குப் பிடித்தது பசையிலுள்ள மாவும் காற்றிலுள்ள ஈரமும். புத்தகம் கட்டுபவர்கள், அதாவது பைண்டிங் செய்பவர்கள், மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, கிராம்பு, மிளகு இவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிப்பைகளில் கட்டி, சுவடிகளுக்கும் நூல்களுக்கும் இடையில் வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலும் செய்யலாம், வாசனை போனதும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்துருண்டையை நான் விரும்புவதில்லை. படுக்கையறையிலேயே அலமாரி இருக்கும் வீட்டில் அந்தக் காற்றை நாமும் குழந்தைகளும்தான் இரவெல்லாம் சுவாசிக்கிறோம். பிளாஸ்டிக் உறையில் புத்தகத்தை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப்பும் வேண்டாம். சில ஆண்டில் பசை மஞ்சளாகிக் கறையாக நிற்கும்.

எந்த மருந்தையும்விட நல்லது, புத்தகத்தை அடிக்கடி கையில் எடுப்பது. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி, தூசி தட்டி, தட்டைத் துடைத்து, திரும்ப ஏற்றினால் ஆண்டுப் பராமரிப்பு முடிந்தது. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அது வருவது இன்னொரு வசதி.

இனி, யாருமே பேச விரும்பாத பகுதி: கழிப்பது. புத்தகத்தை வெளியே அனுப்புவது பாவம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அந்த மரியாதை நல்லதுதான். ஆனால் படிக்காமல், பிறருக்கும் கொடுக்காமல் பரணில் புழுவுக்கு விடுவது எந்த மரியாதையில் சேரும்?

எதைக் கழிப்பது? இங்கே நாம் பொதுவாகத் தலைகீழாகச் செய்கிறோம் என்பது என் மதிப்பீடு. கெட்டி அட்டை போட்ட பெரிய தொகுப்புகளைக் காக்கிறோம். மெல்லிய தாள்களை எடைக்குப் போடுகிறோம். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் எத்தனையோ பதிப்பகங்கள் அதை அச்சிடுகின்றன. ஐந்து பாகமும் நாளைக் காலை கடையில் கிடைக்கும், இணையத்திலும் படிக்கலாம். உங்களிடம் இரண்டு தொகுதி இருந்தால் ஒன்றைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். அதே நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது, யாரோ ஒரு பாட்டி பக்கங்களைக் கத்தரித்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்திருப்பார். நைந்துபோன தாள், பக்க ஓரத்தில் விளம்பரம். அதைத்தான் நாம் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம். கடையில் மறுபடி வாங்க முடியாதது அதுதான்.

கோட்டையூர் ரோஜா முத்தையா இதைத் தெரிந்திருந்தவர். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவர். செட்டிநாட்டு ஊரொன்றில் இருந்துகொண்டு நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீசு, திரைப்படப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் வீசியெறிந்ததையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். இன்று தமிழ்ச் சமூகத்தின் இருநூறு ஆண்டு அச்சு வரலாற்றை எழுத வருகிறவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

எனவே கழிக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: இது போனால் திரும்பக் கிடைக்குமா? கடையில் கிடைப்பது, இணையத்தில் இருப்பது, பொது நூலகத்தில் இருப்பது போகலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் அரசின் தமிழ் மின்னூலகம் வரை எவ்வளவோ நூல்கள் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. தேர்வு வழிகாட்டிகள், காலாவதியான கணினிப் புத்தகங்கள், இனிப் படிக்கவே மாட்டோம் என்று மனசுக்குத் தெரிந்த நாவல்கள், இவையும் போகலாம். சிற்றிதழ்கள், கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்க்காரர் சொந்தச் செலவில் அச்சிட்ட ஊர் வரலாறு, மாஸ்கோவில் அச்சாகி வந்த அந்தக்கால ருஷ்ய மொழிபெயர்ப்புகள், ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி, இவை இருக்கட்டும்.

கழித்ததை யாருக்குக் கொடுப்பது? ஊர்ப்புற நூலகம், பள்ளி, மாணவர் விடுதி, சிறைவாசிகளுக்காக நூல் திரட்டுகிறவர்கள். கொடுக்கும் முன் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அட்டை கிழிந்த 2008ஆம் ஆண்டுக் கையேட்டைத் தானமாகத் தருவது, நம் குப்பையை அவர்கள் தலையில் கட்டுவதுதான்.

இரவல் பற்றியும் ஒரு வார்த்தை. இரவல் கொடுக்க மாட்டேன் என்று பலகை எழுதி மாட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கொடுங்கள், கொடுத்த கையோடு பெயர், தேதி எழுதுங்கள். புத்தகம் இருந்த இடத்தில் ஓர் அட்டையைச் சொருகுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூச்சப்படாமல் கேளுங்கள். திரும்பாமலே போகக் கூடாத பத்து, இருபது நூல் இருந்தால், அவற்றை மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்; ஒரு காப்பியும் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நமக்குப் பிறகு. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர் பேணிய நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் திறந்தார்கள். உ.வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரால் நூலகம் அமைந்தது. அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் இன்று பெசன்ட் நகரில் இருக்கின்றன. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி தங்கள் சேகரிப்பை ஞானாலயா என்ற ஆய்வு நூலகமாகவே ஆக்கி ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இவர்கள் பெரியவர்கள், நம் ஐந்நூறு புத்தகத்துக்கு யாரும் கட்டடம் கட்டப் போவதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஒருநாள் அந்த அலமாரிக்கு முன்னால் நிற்பார்கள். எது முக்கியம், எது இல்லை என்று தெரியாமல் நிற்பார்கள். வீட்டைக் காலி செய்ய நாள் குறித்திருக்கும். அப்போது மொத்தமும் எடைக்குப் போவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லிவைக்கவில்லை.

ஆகவே இந்தக் கலையில் தேர்ந்தவர் என்று நான் மதிப்பது, அதிகம் சேர்த்தவரையோ அழகாக அடுக்கியவரையோ அல்ல. தான் இல்லாதபோதும் பயன்படும்படி வைத்திருப்பவரையே மதிப்பேன். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் புத்தகங்கள் திரும்பக் கிடைக்காதவை, அவை எந்தத் தட்டில் இருக்கின்றன, யாரிடம் கொடுக்க வேண்டும், மீதியை என்ன செய்யலாம், இந்த நான்கையும் எழுதுங்கள். எழுதிய தாளை வீட்டுப் பத்திரம், காப்பீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அடுத்த புத்தகத்தை வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிட்டால், பிறகு எத்தனை வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன்.